சாலிஸ்பரி தீவின் கதவை ஒருநாள் திறந்துவிடுங்கள்: டர்பன் கடற்படைத் தளத்துக்கு ஒரு திறந்த மடல்

டர்பன் கடற்படைத் தளத்தின் தலைமை அதிகாரி அவர்களுக்கும், அங்கே கட்டடங்களைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

சாலிஸ்பரி தீவில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மாலுமிகள் தங்க எழுந்த பாரக்ஸ் கட்டடங்களைப் பற்றி எழுதுகிறேன். 1961 முதல் பத்தாண்டுக்கும் மேலாக, தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்கென்று அரசு ஒதுக்கிய பல்கலைக்கழகக் கல்லூரி அந்தக் கட்டடங்களில்தான் நடந்தது. இந்த மடலின் ஆங்கிலப் பிரதி உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக வரும். தமிழில் பொதுவில் எழுதுவதற்குக் காரணம், நம்மவர்களிடமும் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கேட்பது பெரிய காரியமில்லை. அந்தக் காலத்துக் கட்டடங்களில் எவை இன்னும் நிற்கின்றன என்று ஒரு பட்டியல் வெளியிடுங்கள். அங்கே படித்தவர்களில் வர முடிகிறவர்களை ஒருநாள் உள்ளே விடுங்கள். எந்த அறையில் என்ன நடந்தது என்று அவர்கள் சொல்லச் சொல்ல, ஒருவர் வரைபடத்தில் குறித்துக்கொள்ளட்டும். கூரை மாற்றுவது, சுவரைத் தட்டுவது எல்லாம் அதற்கு அப்புறம் இருக்கட்டும். 1961ல் பதினெட்டு வயதில் சேர்ந்தவருக்கு இன்று எண்பது தாண்டிவிட்டது. கடைசி வருடங்களில் படித்தவர்களுக்கும் எழுபதுக்கு மேல். இன்னும் பத்து வருடம் கழித்து நீங்கள் கதவைத் திறந்தால் சுவர் இருக்கலாம், அதைப் பார்த்துச் சொல்ல ஆள் இருக்காது.

தீவின் கதை கடற்படையோடு தொடங்கவில்லை என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். 1820களில் இந்த விரிகுடாவுக்கு வந்த சாலிஸ்பரி என்ற கப்பலின் பெயரைத் தாங்கி நிற்கிற மணல்திட்டு அது. சுற்றிலும் அலையாத்தி மரங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேருடன், ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ இதே துறைமுகத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்தவர்களில், ஒப்பந்தம் முடிந்து கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியேறிய சிலர் விரிகுடாவில் வலை போட்டுப் பிழைத்தார்கள். அவர்களுடைய குடிசைகள் இந்தத் தீவிலும், விரிகுடாவை ஒட்டிய பிளஃப் மேட்டின் ஓரத்தில் ஃபின்லேண்ட்ஸ் பக்கத்திலும் இருந்தன. துறைமுகம் வளர வளர அவர்கள் ஒதுங்கிக்கொண்டே போனார்கள். இன்றைக்கு மத்தி மீன் கூட்டம் கரையோரம் வரும்போது பெருவலை இழுப்பவர்களில் அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளைப் பார்க்கலாம்.

பிறகு போர் வந்தது. மத்தியதரைக் கடல் வழி ஆபத்தானதாக ஆனபோது, மத்தியக் கிழக்குக்குப் போகிற படைக்கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி டர்பனில் நின்று போயின. பழுது பார்க்க இடம் வேண்டும், மாலுமிகள் படுக்க இடம் வேண்டும். தீவைப் பிளஃப் கரையோடு இணைத்துச் சாலை போட்டார்கள், தளத்தைக் கட்டினார்கள். அந்த நாளிலிருந்து அது பெயருக்குத்தான் தீவு.

போர் அவசரத்தில் எழுந்த பாரக்ஸ் கட்டடத்தில் அழகு தேடக்கூடாது. அதற்கு ஒரே ஒரு கணக்குதான்: எத்தனை கட்டில் போடலாம்? கட்டில் வரிசைக்கு ஏற்ற நீளம், நடுவில் ஓர் ஆள் நடக்கிற வழி, காற்று வரச் சன்னல், இரண்டு முனையிலும் வாசல். எல்லாக் கட்டடமும் ஒரே அச்சு. கழிப்பறையும் குளியலும் தனியாக. கட்டியவர்கள் அதைப் பத்து வருடத்துக்கு மேல் நினைத்துக் கட்டியிருக்க மாட்டார்கள். போர் முடிந்தது. 1957ல் பிரிட்டன் கேப் டவுன் அருகிலுள்ள சைமன்ஸ் டவுன் கடற்படைத் தளத்தை இந்த நாட்டிடம் ஒப்படைத்ததும் கடற்படையின் கவனம் முழுக்க அங்கே போனது. டர்பனில் காலிக் கட்டடங்கள் மிஞ்சின.

அந்த நேரத்தில்தான் 1959ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. வெள்ளையர் அல்லாதவர்கள் அமைச்சரின் அனுமதி இல்லாமல் வெள்ளையர் பல்கலைக்கழகத்தில் சேர முடியாது. சூலூ மக்களுக்கு என்கோயேயில் ஒன்று, வடக்கே டர்ஃப்லூப்பில் ஒன்று, கலப்பினத்தவர் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்கு பெல்வில்லில் ஒன்று. இந்தியர்களுக்குச் சாலிஸ்பரி தீவு. பல பத்தாண்டுகளாக "ஊருக்குத் திரும்பிப் போ" என்று சொல்லிக்கொண்டிருந்த அரசு, இந்தியர்களை நிரந்தரக் குடிகள் என்று ஏற்றுக்கொண்டதும் அதே 1961ல்தான். ஏற்றுக்கொண்ட கையோடு கொடுத்த இடம், மாலுமிகள் காலி செய்துவிட்டுப் போன படுக்கை அறைகள்.

என் தாய்மாமா அறுபதுகளின் நடுவில் அங்கே படித்தவர். கேட்டோ மேனரில் தகர வீட்டிலிருந்து கிளம்பி, பஸ் பிடித்து நகரத்துக்கு வந்து, துறைமுகக் கரையில் ஃபெர்ரி ஏறுவார். போர்க்காலச் சாலை பிளஃப் பக்கம் இருந்ததால் நகரத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சுற்றுவழி, படகுதான் நேர்வழி. கழுத்தில் டை, மேலே கோட். டர்பன் பிப்ரவரி வெயிலில் கோட்டோடு படகில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள்.

அவர் சொல்லித்தான் ஒரு பாரக்ஸ் எப்படி வகுப்பறையாகும் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தது என்ன, ஆகவே ஆகாது. அறை நீளம், அகலம் போதாது. கடைசி வரிசையில் உட்கார்ந்தால் கரும்பலகையில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். இரண்டு சன்னலுக்கு நடுவில் இருந்த சுவர் சரியாக ஒரு கட்டிலின் தலைமாட்டு அகலம்; அதற்குமேல் ஒரு கொக்கி. மாலுமி தன் பையை மாட்டிய கொக்கி. வெயில் ஏறியதும் பையன்கள் அதில்தான் கோட்டைக் கழற்றி மாட்டினார்களாம். யார் கோட் எந்தக் கொக்கியில் என்று சண்டைகூட வருமாம். கப்பல் சங்கு ஒலிக்கும்போது விரிவுரையாளர் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, அது முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அறுபதுகளில் அக்கரையில் மேடன் வார்ஃபில் சர்க்கரைக் கிடங்குகள் எழுந்தன. கரும்பு வெட்ட வந்தவர்களின் பேரன்களும் பேத்திகளும் வகுப்புக்குப் போகிற வழியில் அவை உயர்வதைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

கொக்கிகள் இன்னும் இருக்கின்றனவா? இதைத்தான் முதலில் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்பேன். சுண்ணாம்பு அடித்து அடித்து மறைந்திருந்தாலும் துளை இருக்கும்.

கட்டடத்தைப் பற்றி இன்னொன்று. கடற்படைக்கு எதற்காகத் தீவு பிடித்திருந்ததோ, அதே காரணத்துக்காகத்தான் நிறவெறி அரசுக்கும் பிடித்திருந்தது. சுற்றிலும் தண்ணீர். உள்ளே வர, வெளியே போக விரல்விட்டு எண்ணக்கூடிய வழிகள். யார் வந்தார், யார் போனார், எத்தனை மணிக்கு என்று உட்கார்ந்த இடத்திலேயே கணக்கெடுக்கலாம். நிர்வாகம் வெள்ளையர் கையில். நகரத்து மாணவர்களோடு கலக்க வழியில்லை. இதெல்லாம் தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

ஆனால் நாடு முழுவதிலிருந்தும் வந்த பிள்ளைகளை ஒரே படகில் ஏற்றினால் என்ன ஆகும் என்று அவர்கள் யோசிக்கவில்லை போலிருக்கிறது. ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து குஜராத்திப் பையன், ஸ்டாங்கரிலிருந்து தெலுங்குப் பெண், டர்பனிலிருந்து தமிழன், எல்லோரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டே போனார்கள். வகுப்பில் பேச முடியாததைப் படகில் பேசினார்கள் என்பார் மாமா. நிறவெறியை எதிர்த்த கறுப்பு உணர்வு இயக்கத்தின் முன்னணியில் நின்ற ஸ்ட்ரினி மூட்லியும் சத்ஸ் கூப்பரும் இந்தத் தீவில் படித்து, இங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்கள். 1976ல் தண்டனை பெற்று இருவரும் ராபன் தீவுச் சிறைக்குப் போனார்கள். ராபன் தீவு இன்று உலகப் பாரம்பரியச் சின்னம். அங்கே போகச் சுற்றுலாப் பயணிகள் முன்பதிவு செய்து காத்திருக்கிறார்கள். சாலிஸ்பரி தீவுக்குப் போக அங்கே படித்தவருக்கே வழியில்லை.

தமிழுக்கும் அங்கே ஓர் இடம் இருந்தது. இந்திய மொழிகள் துறையில் தமிழும் ஒரு பாடம். சாஸ்திரி கல்லூரியில் மாலை நேர வகுப்புகளில் பல்கலைக்கழகப் படிப்பைத் தொட்ட தலைமுறைக்கு அடுத்த தலைமுறை, பகலில், பட்டத்துக்காகத் தமிழ் படித்தது. சங்கப் பாட்டுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்த அறையில் இருபது வருடம் முன்பு யாரோ ஒரு பிரிட்டிஷ் மாலுமி குறட்டை விட்டிருப்பார். கல்லூரி 1971ல் முழுப் பல்கலைக்கழகமானது. 1972ல் வெஸ்ட்வில் குன்றுக்குப் போனது. தொண்ணூறுகளின் இறுதியில் அங்கே இந்திய மொழித் துறைகள் மூடப்பட்டன. 2004ல் அந்தப் பல்கலைக்கழகமே நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசூலு நேட்டால் பல்கலைக்கழகமாகிவிட்டது. பெயர் போயிற்று, துறை போயிற்று. முதலில் தொடங்கிய சுவராவது மிஞ்சட்டும் என்கிறேன்.

மாணவர்கள் போன பிறகு தீவு திரும்பவும் உங்களிடம் வந்தது. அதில் நடந்த ஒன்றை இரு தரப்புமே பேசுவதில்லை. எழுபதுகளின் நடுவில் அதே தீவில் இந்திய இளைஞர்களுக்கான கடற்படைப் பயிற்சிப் பிரிவு தொடங்கியது. பிற்பாடு அதற்கு எஸ்.ஏ.எஸ். ஜல்சேனா என்று பெயர். கட்டாய ராணுவ சேவை வெள்ளை இளைஞர்களுக்கு மட்டும்தான். இவர்கள் தாங்களாகப் போய்ச் சேர்ந்தவர்கள், அதுவும் தங்களுக்கு ஓட்டுரிமை இல்லாத நாட்டின் கொடிக்கு சல்யூட் வைக்க. இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வர்த்தில் அவர்களைத் துரோகி என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. சம்பளம், சீருடை, ஒரு தொழில் என்று போனவர்கள்தான் பெரும்பாலும் என்பது என் எண்ணம். தீவுக் கல்லூரியின் பழைய மாணவர்கள் வரும் நாளில் ஜல்சேனாக்காரர்களையும் கூப்பிடுங்கள். முதல் அரை மணி நேரம் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள், அது சரி. டீ வந்ததும் பேசிவிடுவார்கள்.

அதன் பிறகு ஏவுகணைப் படகுகள் வந்தன, போயின. 2002ல் டர்பனைத் தளத்திலிருந்து வெறும் நிலையமாகக் குறைத்தார்கள். மொசாம்பிக் கால்வாயில் கடற்கொள்ளையரைத் தடுக்கும் ரோந்து தொடங்கியதும் டர்பனின் தேவை மறுபடி தெரிந்தது. 2015ல் திரும்பவும் முழுத் தளம். தளம் உயிரோடு இருப்பது எங்களுக்கு மகிழ்ச்சிதான். உயிரோடு இருக்கிற தளத்தில் வேலை நடக்கும், பழையது இடிபடும். பக்கத்திலேயே பியர் 1 கொள்கலன் முனையம் வேறு இடம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்த அவசரம்.

பழைய கட்டடத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று கடற்படைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சைமன்ஸ் டவுனில் 1743ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய சரக்குக் கிடங்கு இன்று உங்கள் அருங்காட்சியகம். கப்பல் பாய் தைத்த மாடியில் தேவாலயம் நடக்கிறது. கொஞ்ச தூரத்தில் 1777ல் ஆளுநரின் குளிர்காலத் தங்குமிடமாகக் கட்டிய ரெசிடென்சி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம், சிறை என்று எல்லா வேஷமும் கட்டிவிட்டு இப்போது ஊரின் அருங்காட்சியகமாக இருக்கிறது. அந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு வேஷத்தையும் தனித்தனியாகக் காட்டுகிறார்கள், சிறைக் கொட்டடி உட்பட. கடற்படையில் பதிவு பெற்ற ஜஸ்ட் நியூசன்ஸ் என்ற நாய்க்கு அங்கே ஓர் அறை, சதுக்கத்தில் ஒரு சிலை. எங்கள் டர்பனில் போர்க்காலத்தில் படைக்கப்பல்களுக்குப் பாட்டுப் பாடி வரவேற்ற பெர்லா கிப்சனுக்குச் சிலை இருக்கிறது. இருவர் மேலும் எனக்கு வருத்தமில்லை. நாய் நல்ல நாய் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் தினமும் படகேறிப் போய்ப் படித்த ஒரு தலைமுறைக்குத் துறைமுகத்தில் நடக்கிற என் கண்ணில் ஒரு பலகைகூடப் படவில்லை.

சைமன்ஸ் டவுனிலும் ஒரு குறை உண்டு. 1967ல் அதை வெள்ளையர் பகுதி என்று அறிவித்து மற்றவர்களை விரட்டினார்கள். அவர்களின் கதை அம்லே வீட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது; கடற்படையின் கதை துறைமுக மதிலுக்குள் இருக்கிறது. ஒன்றைப் பார்த்தவர் மற்றொன்றைப் பார்க்காமலே ஊர் திரும்பலாம். டர்பனில் அப்படிப் பிரிக்க முடியாது. போர் மாலுமியும், நிறவெறிக் கல்லூரி மாணவனும், ஜல்சேனா பயிற்சியாளனும் ஒரே தீவில் இருந்தவர்கள். இப்படி ஓர் இடம் உங்கள் கையில் இருக்கிறது.

சட்டமும் உங்களுக்குத் தெரிந்ததே. 1999ஆம் ஆண்டின் தேசிய பாரம்பரிய வளச் சட்டம், பிரிவு 34: அறுபது வருடத்துக்கு மேற்பட்ட கட்டடத்தை மாகாணப் பாரம்பரிய அமைப்பின் அனுமதி இல்லாமல் மாற்றவோ இடிக்கவோ கூடாது. நமது மாகாணத்தில் அது அமாஃபா. போர்க்காலச் சுவர்கள் எப்போதோ அறுபதைத் தாண்டிவிட்டன. கவனிக்க வேண்டியது வேறு: 1961ல் கல்லூரிக்காகச் செய்த மாற்றங்களும் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டன. தடுப்புச் சுவர், கரும்பலகைச் சட்டம், நூலக அலமாரி அடித்த இடம் எல்லாம் இதில் சேரும். பாரக்ஸை அதன் "அசல் நிலைக்கு" மீட்கிறோம் என்று யாராவது ஓர் ஆலோசகர் நல்ல எண்ணத்தோடு வந்து இவற்றைப் பெயர்த்துவிடக்கூடாது. இந்தக் கட்டடத்தின் அசல் நிலை மாலுமிகளின் கட்டில் காலத்தோடு முடிந்துவிடவில்லை.

இனி நம்மவர்களுக்கு. அந்தக் கல்லூரியைப் புறக்கணிக்கச் சொன்னது, இங்கே நிறவெறியை எதிர்த்த காங்கிரஸ் இயக்கம். பலர் போகவில்லை, வெளிநாடு போக வசதி இருந்தவர்கள் போனார்கள். வசதி இல்லாதவர்கள் படகேறினார்கள். புஷ் காலேஜ், அதாவது காட்டுக் கல்லூரி, என்ற கேலி அவர்களை வேலைக்குப் போன இடத்திலும் துரத்தியது. இன்றும் குடும்ப விழாவில் "எங்கே படித்தீர்கள்?" என்றால் "வெஸ்ட்வில்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். புறக்கணித்தது சரியா, போனது சரியா என்ற வழக்கை நான் எடுக்கவில்லை. அந்த ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் சமூகப் பணியாளர்களும் இல்லாமல் சாட்ஸ்வர்த்தும் பீனிக்ஸும் எப்படி இருந்திருக்கும் என்று மட்டும் நினைத்துப் பார்க்கிறேன். ஆகவே அலமாரியின் மேல்தட்டில் கிடக்கிற போட்டோக்களை இறக்குங்கள். வகுப்புப் படத்தில் உங்கள் முகத்தைத்தான் இத்தனை வருடம் பார்த்திருப்பீர்கள். இப்போது பின்னால் நிற்கிற கட்டடத்தைப் பாருங்கள். எத்தனை சன்னல், வாசல் எந்தப் பக்கம், பின்னணியில் தண்ணீரா பிளஃப் மேடா என்பதை வைத்தே எது எந்தக் கட்டடம் என்று கண்டுபிடிக்கலாம். பின்பக்கம் பெயர் எழுதுங்கள், பென்சிலால். வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி லுத்துலி ஆவண மையமும், நகரத்தில் 1860 பாரம்பரிய மையமும் இத்தகைய பொருள்களுக்கென்றே இருக்கின்றன. பேரப்பிள்ளைகளுக்கு வேண்டாததை அவர்களிடம் கொடுத்துவிடலாம்.

மீண்டும் தளத்தின் அதிகாரிகளுக்கு. இது இயங்குகிற ராணுவ இடம் என்பது தெரியும். கப்பல்துறைப் பக்கம் யாரும் வரமாட்டார்கள். போனை வாசலில் ஒப்படைக்கச் சொன்னால் ஒப்படைப்போம்; படம் உங்கள் ஆள் எடுக்கட்டும், பிரதி மட்டும் கொடுத்தால் போதும். வருபவர்களின் அடையாள எண்களை முன்கூட்டியே அனுப்புகிறோம். மழை குறைந்த ஜூன், ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை வசதி. பஸ் எங்கள் ஏற்பாடு. ஒன்றே ஒன்று: பாதிப் பேருக்கு முழங்கால் வலி, சிலர் சக்கர நாற்காலியில் வருவார்கள். அதனால் பஸ்ஸை மெயின் கேட்டில் நிறுத்தாமல் கட்டடம் வரைக்கும் விட வேண்டும். மதியச் சாப்பாடு நாங்கள் கொண்டுவருகிறோம், காவலில் நிற்கிறவர்களுக்கும் சேர்த்து. அன்று எத்தனை பேர் பணியில் இருப்பார்கள் என்று மட்டும் முந்தின வாரம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தீவில் படித்த ஒருவரின் மருமகன்,
சாட்ஸ்வர்த், டர்பன்